மூடி திறக்காத பாட்டில்

வெளிநோயாளிகள் பிரிவின் நீளமான பெஞ்சில், ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறாள் மாணவி. டாக்டருக்குப் படிக்கிறாள், கூடவே, ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி எப்படி உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்ற ஆராய்ச்சியும் செய்கிறாள். இன்று ஸ்டெதஸ்கோப் பைக்குள் இருக்கிறது; கண்ணுக்குத்தான் வேலை. அந்தப் பெண்ணின் மடியில் தண்ணீர் பாட்டில். ஜன்னல் வெயில் அதில் புகுந்து தரையில் நெளிகிறது. மூடியின் சீல்கூட உடையவில்லை. “உடம்புக்கு என்னக்கா?” “கிட்னில கல்லும்மா.” “அப்ப நிறைய தண்ணி குடிக்கச் சொல்லியிருப்பாங்களே?” “சொன்னாங்க. குடிச்சா பாத்ரூம் போகணும். அந்த நேரம் பாத்து பேரைக் கூப்பிட்டுட்டா? போன தடவை அப்படித்தான் டாக்டரைப் பாக்காமலே திரும்பிப் போனேன்.” மாணவி நிமிர்ந்து பார்க்கிறாள். பெஞ்சு நெடுக உலர்ந்த உதடுகள், மடிக்கு மடி நிறைந்த பாட்டில்கள். தினமும் இந்த வழியாகத்தான் அவள் விறுவிறுவென்று வகுப்புக்குப் போகிறாள். “குடிச்சிட்டுப் போயிட்டு வாங்கக்கா. கூப்பிட்டா நான் சொல்றேன்.” அந்தப் பெண் மடமடவென்று குடிக்கிறாள், பையை மாணவியிடம் கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போகிறாள். கதவு திறக்கிறது. நர்ஸ் ஒரு பெயரைக் கூப்பிடுகிறார். மாணவிக்குத் திக்கென்கிறது. அக்காவின் பெயரைக் கேட்கவே இல்லை. பையை அணைத்தபடி எழுந்து நின்று கத்துகிறாள்: “இருக்காங்க, இருக்காங்க, இதோ வந்துட்டே இருக்காங்க!”