கைராசிக்காரன் கிளப்பாத வண்டி

"இது மூணாவது தடவை! உனக்கெல்லாம் ஸ்பேனர் ஒரு கேடா?"

எதிர்க்கடையில வக்கீல் போட்ட சத்தம் என் கடை வரைக்கும் கேட்டுச்சு. கழட்டிக்கிட்டிருந்த செயினை அப்படியே போட்டுட்டு வாசலுக்கு ஓடி வந்தேன். பொய் சொல்வானேன், காதுல தேன் பாய்ஞ்ச மாதிரி இருந்துச்சு.

ஏன்னா, திட்டு வாங்கினது கைராசிக்காரன். ஊர்ல அவனுக்கு அதான் பேரு. அவன் கை பட்டா எந்த பைக்கும் கிளம்பிடுமாம். என் கடைக்கு வர்றவங்ககூட, "அவர் கடையில கூட்டம் ஜாஸ்தி, அதான் இங்க வந்தோம்"னு என் மூஞ்சிக்கு நேராவே சொல்றாங்க. வயிறு எரியுமா, எரியாதா?

ஒரு காலத்துல ரெண்டு பேரும் ஒரே பட்டறையில ஒண்ணா வேலை பார்த்தவங்கதான். ஆறு வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. "அவருக்கு அவசரம் ஜாஸ்தி, எதையாவது உள்ளேயே விட்டுட்டு மூடிடுவார்"னு என்னைப் பத்தி யார்கிட்டயோ சொல்லியிருக்கான். என்னைப் பத்தி! அவன்!

வக்கீல் வியர்க்க விறுவிறுக்க வண்டியைத் தள்ளிக்கிட்டு ரோட்டைத் தாண்டி வந்தார்.

"காலையிலேர்ந்து உதைச்சு உதைச்சுக் காலே வீங்கிப்போச்சுய்யா. லேசா இருமுது, உடனே செத்துடுது. அங்க கொடுத்தா, 'ஒண்ணும் பிடிபடலை சார், விட்டுட்டுப் போங்க'ங்கறான். ஒரு வாரமா இதே பாட்டு!"

"பெட்ரோல் இருக்கா சார்?"

"என்னைப் பார்த்தா உனக்கு எப்படித் தெரியுது?"

"இல்ல சார், கேட்டுத்தானே ஆகணும்."

"டேங்க் ஃபுல்லா இருக்கு. அடுத்த கேள்வி?"

மனுஷன் வீட்டுலயும் இப்படித்தான் பேசுவாரோ என்னவோ. நான் வண்டி பக்கத்துல உட்கார்ந்தேன்.

"இதோ பாரு. நீ மட்டும் இதைக் கிளப்பிக் கொடுத்துட்டேன்னு வை, கோர்ட்டுல இருக்கிற வக்கீல் அத்தனை பேர் வண்டியும் இனிமே உன் கடைக்குத்தான்" என்றார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

என் கடையில காத்துக்கிட்டிருந்த நாலு பேரும் எழுந்து கிட்ட வந்துட்டாங்க. எதிர்க்கடைக் கூட்டமும் வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்துடுச்சு. கைராசிக்காரன் மட்டும் தலையைத் தூக்கலை. எப்படித் தூக்குவான்?

வாடா மகனே, இன்னிக்கு இருக்கு உனக்கு.

ப்ளக்கைக் கழட்டினேன். கரிக்கட்டையா இருந்துச்சு, பெட்ரோல்ல தொப்பலா நனைஞ்சும் இருந்துச்சு. துடைச்சு, வயரை மாட்டி, இன்ஜின் ஓரமா வச்சு ஒரு உதை உதைச்சேன். பொறி பளிச்சுனு வருது. பெட்ரோல் வருது, பொறி வருது, அப்புறம் என்ன? காத்து போகலை. பழைய சைக்கிள் ஓட்டுறவன்கூடச் சொல்லிடுவான் இதை. இதுக்கா மூணு தடவை?

"என்னய்யா முழிக்கிறே? தெரியுமா, தெரியாதா?"

"ரெண்டே நிமிஷம் சார்."

சைடு மூடியைத் திறந்து ஏர் ஃபில்டரை வெளியே எடுத்தேன். காத்து போற வாயில, கை துடைக்கிற பழந்துணி சுருட்டின மாதிரி அடைச்சுக்கிட்டிருந்துச்சு.

அடப்பாவி! துணியை உள்ளேயே விட்டுட்டு மூடியிருக்கான்! இவன்தான் என்னை அவசரக்காரன்னு சொன்னவன்!

இதை நாலு பேர் முன்னாடி தூக்கிக் காட்டணும். அப்படியே எடுத்துட்டுப் போய் அவன் மேசை மேல போட்டு, "இந்தா, உன் சொத்து"ன்னு சொல்லணும். துணியோட முனையைப் பிடிச்சு இழுத்தேன்.

கூடவே ஒரு பாலிதீன் கவர் வந்துச்சு. அதுக்குள்ள ஒரு சீட்டு. அவன் கையெழுத்து, கோழி கிளறின மாதிரி.

எல்லாருக்கும் முதுகைக் காட்டிக் குனிஞ்சு படிச்சேன்.

'அண்ணே, இவர் என்னைத் திட்டிட்டு நேரா உங்ககிட்டதான் வருவார். நீங்களும் பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவீங்க, அது எனக்குத் தெரியும். போன வாரம் ஓட்டிக்கிட்டிருக்கும்போதே கண் இருட்டி, ஸ்கூல் கேட்டுல போய் மோதியிருக்கார். நல்லவேளை, லீவு நாள். மூணு மாசத்துக்கு வண்டியைத் தொடவே கூடாதுன்னுட்டார் டாக்டர். இவர் டாக்டர்கிட்டயே வாதாடிட்டு வந்திருக்கார். அவர் வீட்டம்மா என் கடையில வந்து உட்கார்ந்து அழுதுட்டாங்க. எனக்கு வேற வழி தெரியலை. என் பேரு போனாப் போகுது. வண்டி மட்டும் கிளம்ப வேண்டாம்.'

"கோர்ட்டுக்கு நேரமாச்சுய்யா! உள்ளே என்ன புதையலா இருக்கு?" பின்னாலேர்ந்து வக்கீல் கத்தினார்.

எனக்கு வந்துச்சே ஒரு எரிச்சல்! ஆறு வருஷம் கழிச்சு ஒரு நாள், ஒரே ஒரு நாள், இவனை நான் ஜெயிச்சேன். அதையும் வெளிய சொல்ல முடியாமப் பண்ணிட்டானே படுபாவி!

சீட்டை என் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். துணியை இருந்த இடத்துலயே திணிச்சு, இன்னும் ரெண்டு விரல் ஆழமா அமுக்கி, மூடியைப் போட்டு முடுக்கினேன். பேருக்கு நாலு உதை உதைச்சேன். வண்டி இருமிச்சு, செத்துச்சு.

"என்னய்யா ஆச்சு?" என்றார் வக்கீல்.

எழுந்து நின்னேன். எதிர்க்கடை வாசல்ல நிக்கிற கடைசி ஆளுக்கும் கேட்கட்டும்னு சத்தமாவே சொன்னேன்.

"என்ன சார் நீங்க, அந்தக் கைராசிக்காரனாலயே முடியலைன்னா, என்னால எப்படி சார் முடியும்?"