நாலாவது போல்ட்

ஒரு விமானத்துக்காக நாலு போல்ட்டுகள் கப்பலேறின. வழியில் மூன்று நாடுகள். ஒவ்வொரு நாடும் ஒரு போல்ட்டை இழுத்து உடைத்துப் பார்த்து, "நல்ல உறுதி" என்று சான்றிதழ் கொடுத்தது.

மிஞ்சிய ஒரே போல்ட், மூன்று சான்றிதழ்களோடு விமானக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது.

"அந்த ஊர்க் காகிதமெல்லாம் இங்கே செல்லாது, தம்பி" என்றது மேஜைமேல் இருந்த ரப்பர் ஸ்டாம்ப். "நாங்களும் இழுத்துப் பார்க்கணும்."

"நான் உடைஞ்சு போயிடுவேனே, அண்ணே."

"எப்போ உடையறேன்னு பார்க்கத்தானே சோதனையே."

"அப்போ நான் எதை மாட்டிக்கிட்டுப் பறக்கிறது?" என்று கேட்டது, காத்திருந்த விமானம்.

ஸ்டாம்ப் காதில் வாங்கவில்லை. சாயங்காலம் இரண்டு துண்டுகளையும் பார்த்து, "அருமையான போல்ட்" என்று மெச்சியது. நாலாவது சான்றிதழில் அழுத்தமாக விழுந்து எழுந்து, விமானத்திடம் சொன்னது:

"இனிமே நீ தாராளமா பறக்கலாம்."