மேனகா உரசிய மூலை

சர்க்கஸ் மூடியதும் நாங்கள் வளர்த்த யானை மேனகாவை வனத்துறை ஆபீசர்கள் யானை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாங்கள் குடியிருக்கும் டிரெய்லர் வண்டியின் பின்மூலையில் தகரப்பட்டை மடங்கித் துருத்திக்கொண்டிருந்தது. தினமும் காலையில் அவள் விலாவைத் தேய்த்துத் தேய்த்து வளைத்தது. அவளைப் பார்க்க இந்த வண்டியில்தான் போகவேண்டும், எங்களுக்கு வேறு வீடு கிடையாது. நசுங்கலைப் பார்த்தால், அடி தாங்காமல் யானை மோதியது, அடித்துத்தான் வளர்த்தோம் என்று எழுதிவிடுவார்கள். ஆபீசர்களை நான் நம்புவதில்லை. பட்டையைப் பிடுங்கினேன்.

"அவ சொறிஞ்சுக்கிற இடத்தை ஏன்யா புடுங்குற?" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

"ஆபீசர் கேட்டா நீ பதில் சொல்லுவியா? போடி."

புது அலுமினியப் பட்டையைப் படியவைத்து ரிவிட் அடித்தேன். பழையதைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டேன்.

முகாமில் எந்த ஆபீசரும் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாகன் அழைத்துவந்த மேனகா என்னைத் தாண்டி நேராக அந்த மூலைக்குப் போனாள். தும்பிக்கை நுனியால் பட்டையை மேலிருந்து கீழே தடவினாள். பிறகு கீழிருந்து மேலே. விலாவைத் திருப்பவே இல்லை.

"என்ன பெரியவரே தேடுது?" என்றான் பாகன்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். ரிவிட் ஒன்றுகூடத் தளரவில்லை.

"தம்பி, ஒரு சுத்தியல் கிடைக்குமா?" என்றேன்.