கையேடு படிக்கிற மனுஷன்

"மெஷினோட வர்ற கையேட்டை எந்த மனுஷனாவது உக்காந்து படிப்பானா? நம்ம வாஷிங் மெஷினுக்கு வந்ததை நான் இன்னும் பிரிக்கவே இல்லை. இது காதலேதான்!"

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே அண்ணி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"சும்மா இருங்க அண்ணி. நான் எழுதுறது சரியா இருக்கான்னு அந்த இன்ஜினியர் பாக்கிறார். அவ்வளவுதான்" என்றாள் டீச்சர்.

நிஜ டீச்சர் இல்லை. எதைச் சொன்னாலும் ஒண்ணு, ரெண்டு என்று படிப்படியாகப் பிரித்துச் சொல்கிற வாய். அதனால் ஆபீஸ் வைத்த பெயர். மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுவது அவள் வேலை. இப்போது எழுதிக்கொண்டிருப்பது ஓர் ஏஐ ஏஜென்ட்டுக்கு. 'பூக்கடைக்கு ஒரு ஆப் வேணும்' என்று ஒரு வரி சொன்னால் போதும். முகப்பு, பதிவுத் திரை, உள்ளே வேண்டிய கோப்புகள் என்று மொபைல் ஆப்புக்கு மொத்தக் கட்டமைப்பையும் அதுவே கட்டிக் கொடுத்துவிடும்.

அதை அவள் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. "வெளியீடு வரைக்கும் பரம ரகசியம்" என்று மேலாளர் சில திரைகளின் படங்களை மட்டும் கொடுத்து, சந்தேகம் வந்தால் இன்ஜினியரைக் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

"சந்தேகம் கேட்டா என்ன சொல்றார்?" அண்ணி விடுவதாக இல்லை.

"இந்தப் பட்டனை அழுத்தினா என்ன ஆகும்னு கேட்டேன். 'நீங்க என்ன நினைக்கிறீங்க டீச்சர்?'னு என்னையே திருப்பிக் கேட்டார். எனக்குத் தோணினதைச் சொன்னேன். 'ஆஹா, அப்படியே எழுதிடுங்க'ன்னுட்டார்."

"பாத்தியா! உங்க அண்ணன் இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது 'நீ என்ன நினைக்கிறே'ன்னு என்னைக் கேட்டிருப்பாரா?"

ஹாலில் டிவி சத்தம் சட்டென்று குறைந்தது.

"சரி, ஆள் பாக்க எப்படி?"

"முன்னே நல்லாத்தான் இருந்தார். இப்போ இளைச்சுட்டார். தாடி வேற. கண்ணுக்குக் கீழே கருவளையம். ஒரு அத்தியாயம் முடிச்சா உடனே வந்து நிக்கிறார், 'அடுத்தது எப்போ டீச்சர்?'னு. நேத்து ஆறாம் அத்தியாயத்தைப் படிச்சுட்டு அவர் கண்ணே கலங்கிடுச்சு."

"அதுல அப்படி என்ன எழுதினே?"

"பிழைச் செய்திகளும் தீர்வுகளும்."

அண்ணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அதைப் படிச்சு அழுதாரா? இனிமே நீ எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம்!"

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இத்தனை காலம் எழுதுகிறாள், அவள் எழுதியதை ஒருவரும் முழுசாகப் படித்ததில்லை. வாங்குகிறவர்கள் கையேட்டைத் தூர வைத்துவிட்டுக் கண்ட பட்டனையும் அமுக்கிப் பார்க்கிறார்கள். அவர் ஒருத்தர்தான் கமாவைக்கூட விடாமல் படித்தார். அதற்காகவே அவரை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. அண்ணியிடம் அதை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் அண்ணி போட்டுவிட்ட ஜிமிக்கி காதில் ஆட, ஆபீஸில் ஏழாம் அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தாள். விரல்கள் தானாக ஓடின. 'பயனர் மனம் சோர்ந்திருந்தால், ஏஜென்ட் அதை அவர் குரலிலிருந்தே புரிந்துகொள்ளும். உடனே கேள்விகளைக் குறைத்துக்கொண்டு, அவர் மனநிலைக்கு ஏற்ற மாதிரி ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லும்.'

மேலாளர் கொடுத்த படங்களில் அப்படி எதுவும் இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? எப்படியும் அவர் 'ஆஹா' என்றுதான் சொல்லப்போகிறார்.

அனுப்பிய சூடு ஆறுமுன் இன்ஜினியர் வந்துவிட்டார். ஆனால் ஆஹா சொல்லவில்லை. எதிர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். வாயைத் திறந்தார், மூடினார். பக்கத்து மேஜைக்காரர் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"உங்ககிட்ட மனசு விட்டு ஒரு விஷயம் சொல்லணும். ரொம்ப நாளா உள்ளேயே வெச்சுப் புழுங்கிட்டு இருக்கேன். சாப்பாடு இறங்கலை. தூக்கம் போச்சு. கண்ணை மூடினா நீங்க எழுதின வரிதான் வருது."

டீச்சருக்குக் காது மடல் சுட்டது. "சொல்லுங்க. நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன்."

"ஏழாம் அத்தியாயத்தைப் படிச்சதும், இனிமே மறைச்சுப் பிரயோஜனம் இல்லைன்னு தோணிடுச்சு."

"எனக்கும்தான்" என்றாள் அவள், தனக்கே கேட்காத குரலில்.

அவர் மூச்சை இழுத்து விட்டார்.

"ஏஜென்ட்டுன்னு ஒண்ணு இன்னும் இல்லவே இல்லை அக்கா, நீங்க எழுத எழுத அதைப் பாத்துத்தான் நாங்க செஞ்சுக்கிட்டே வர்றோம்!" என்று இரண்டு கையையும் கூப்பிவிட்டார் இன்ஜினியர். "என்னை உங்க கூடப்பிறந்த தம்பியா நினைச்சு, அந்த ஆறுதல் சொல்ற வரியை மட்டும் அடிச்சுடுங்க!"