ஐயாயிரம் பெறாத படம்

கையெழுத்தை ஒரே இழுப்பில் போட்டார். நாற்பது வருஷம் பாத்திரக்கடையில் பில் போட்ட கை.

விண்ணப்பம் ஒன்று. மகனை விடுவித்த தீர்ப்பின் நகல் ஒன்று. அவ்வளவுதான் கேட்டார்கள்.

பணம் கேட்கவில்லை.

கேட்க முடியாது. கைதானவர்களின் படத்தை இணையத்தில் போட்டுவிட்டு, அதை எடுக்கக் காசு கேட்டால் குற்றம் என்று சட்டம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. மகன் படத்தைப் போட்ட செய்தித்தளத்தை நடத்தும் ஜெபராஜே போன் பண்ணி அவரைக் கூப்பிட்டிருந்தான். போன வருஷம் வாங்க என்றுகூடச் சொல்லாதவன், இன்றைக்கு மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தான். சட்டத்துக்கு அப்படி ஒரு மரியாதை.

கம்ப்யூட்டரை அவர் பார்க்கும்படி திருப்பினான்.

“கடைசியா ஒருக்கா பாத்துக்கிடுதீங்களா அண்ணாச்சி?”

நாலு பையன்கள். முன்னால் மூன்று பைக். பின்னால் கல்யாணப் படம் போல வரிசையாகப் போலீஸ்காரர்கள்.

மூன்று பேர் தலையைக் குனிந்திருந்தார்கள். அவர் மகன் செல்வகணேஷ் மட்டும் நேராகப் பார்த்தான். தப்பு செய்யாதவன் எதற்குக் குனிய வேண்டும் என்று நினைத்திருப்பான். அதனாலேயே நாலு பேரில் ஊருக்கு அடையாளம் தெரிந்த ஒரே முகம் அவனுடையது.

ஆர்.சி. புத்தகம் பாராமல் பழைய பைக் ஒன்றை வாங்கியிருந்தான். அது திருட்டு வண்டி. நாலு மாதத்தில் கோர்ட் அவனை விட்டுவிட்டது.

படம் விடவில்லை. வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம், பெயரைத் தட்டினால் முதலில் அந்த பைக்குகள்தான் வந்து நின்றன.

போன வருஷம் சித்திரையில் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகன்.

எடுப்பதற்கு இருபதாயிரம் சொன்னான் ஜெபராஜ்.

இருபதாயிரமும் அவர் பையில் இருந்தது. ஆனால் சொன்ன விலைக்கு வாங்குகிறவனை அவர் குடும்பத்தில் மனுஷனாகவே சேர்ப்பதில்லை. வேண்டிய பொருளை முதலில் மட்டம் தட்ட வேண்டும். ஆசை முகத்தில் தெரிந்துவிட்டால் விலை இறங்காது. சாமிக்குக் குத்துவிளக்கு வாங்கப் போனாலும், ‘அடி ஆடுதே’ என்றுதான் ஆரம்பிக்க வேண்டும்.

அப்படித்தான் ஆரம்பித்தார்.

“கெட்ட பேரு கெட்டதுதான். இனி எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன? ஐயாயிரத்துக்கு மேல பெறாதுய்யா.”

எழுந்தார். செருப்பை மெதுவாக மாட்டினார். கூப்பிட அவகாசம் கொடுக்க வேண்டும் அல்லவா. மாடிப்படி முழுக்க இறங்கி முடிக்கும்வரை காது பின்னாலேயே இருந்தது.

கூப்பிடவில்லை.

நாளைக்குக் கூப்பிடுவான், பன்னிரண்டாயிரத்தில் படிந்துவிடும் என்று மகனிடம் சொல்லத் திரும்பினார்.

அவன் தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவன் வீட்டில் இல்லை. போனும் இல்லை.

மூன்றாம் நாள் இருபதாயிரத்தோடு மூச்சிரைக்க ஓடி வந்தார். ஜெபராஜ் அவர் முகத்தைப் பார்த்தான். நாற்பது என்றான். நாற்பதோடு வந்தபோது அறுபது.

பதினாலு மாதம் ஆகிவிட்டது. பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான், இருக்கிறானா இல்லையா என்று சொல்லக்கூட ஓர் ஆள் இல்லை.

“எடுத்துருப்பா,” என்றார்.

ஜெபராஜ் ஒரு தட்டுத் தட்டினான். வெள்ளைத் திரை. இத்தனை பெரிய சரக்கு இவ்வளவு சத்தமில்லாமல் கைமாறி அவர் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உடம்பு லேசாக இருந்தது. படம் போய்விட்டது. எங்கே இருந்தாலும் இனி அவன் வந்துவிடுவான். மனைவி தங்கபுஷ்பத்திடம் சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அவள் அடுக்களையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னார். அடியோடு எடுத்துவிட்டார்கள், ஒரு பைசா இல்லாமல், என்றார்.

அவள் கையைச் சேலையில் துடைத்தாள். போனை எடுத்துத் தட்டினாள். படம் இருந்த பக்கம் வரவில்லை.

மறுபடியும் தட்டினாள்.

அவள் சிரிப்பாள் என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

“படத்துக்கு அடியில, எத்தன பேரு பாத்திருக்காங்கன்னு நம்பர் ஒண்ணு கெடக்கும்,” என்றாள். “பழைய நியூஸுல்லா, இப்ப யாரும் பாக்கதில்ல. தெனமும் ரெண்டே ரெண்டுதான் ஏறும். ஒண்ணு நான்.”

அவர் ஒருநாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

இன்றைக்குப் பார்த்தாயா என்று கேட்டார்.

“காலையில பாத்தேன்,” என்றாள். “நான் பாக்கதுக்கு முன்னாடியே ஒண்ணு ஏறியிருந்துச்சு.”