பலகையை யார் அழிப்பது?

"கிராணியாரே! உடனே வாங்க. வந்து இந்தப் பலகையை அழிங்க. இல்லைன்னா நான் இன்னைக்கு வகுப்பு எடுக்கப் போறதில்லை!"

வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து பண்டிதர் ரெங்கசாமி போட்ட சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேட்டது. ஆபீஸ் குமாஸ்தாவான பெரிய கிராணி வேலாயுதம் தலையில் அடித்துக்கொண்டு எழுந்தார். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

பிரிக்பீல்ட்ஸில் இருந்த அந்தச் சின்னக் காலேஜில் சமய பாடத்துக்கு ஒரே அறை, ஒரே கரும்பலகை. வாத்தியார்கள் மட்டும் இரண்டு பேர். இந்துப் பையன்களுக்குப் பண்டிதர், கிறிஸ்தவப் பையன்களுக்கு உபதேசியார் ஜெயராஜ். பலகை உச்சியில் 'சிவமயம்' என்று எழுதாமல் பண்டிதர் பாடம் தொடங்க மாட்டார். 'தேவனுக்கு மகிமை' என்று எழுதாமல் உபதேசியார் வாயைத் திறக்க மாட்டார். எழுதுவதோடு சரி. சாமி பெயரைத் தன் கையால் அழிப்பது பாவம் என்பது பண்டிதர் கட்சி. உபதேசியார் கட்சியும் அதேதான். சரி, அடுத்தவர் அழிக்கட்டும் என்றால் அதற்கும் இருவரும் விடுவதில்லை. ஆகவே ஒரு வாரமாக அந்தப் பாவத்தை வேலாயுதம் செய்துகொண்டிருந்தார்.

அதுவும் இன்றைக்கா இந்தக் கூத்து?

கித்தா விலை, அதுதான் ரப்பர் விலை, விழுந்ததிலிருந்து தோட்டங்களில் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காலேஜிலும் பையன்கள் குறைந்துவிட்டார்கள். 'கடவுள் ஒண்டுதானே, ரெண்டு சமயத்துக்கும் ஒரு ஆள் போதும்' என்று பிரின்சிபால் பொன்னுத்துரை போன வாரமே சொல்லிவிட்டார். யாரை நிறுத்துவது என்று இன்று சாயங்காலம் முடிவு. நிறுத்தப்படுகிறவர் நாகப்பட்டினம் கப்பல் ஏறி ஊர் திரும்ப வேண்டியதுதான். பண்டிதருக்கு மூன்று பெண்கள். உபதேசியார் மனைவிக்கு இது பிரசவ மாதம்.

வேலாயுதம் அறைக்குள் நுழைந்தபோது இருவரும் பலகைக்கு முன்னால் மல்லுக்கு நின்றார்கள். பையன்கள் பெஞ்சு மேல் ஏறி வேடிக்கை பார்த்தார்கள்.

"கர்த்தர் பேரு மேல இந்த ஆளு கை பட்டுச்சு, நடக்கிறதே வேற!" என்றார் உபதேசியார்.

"யாருக்குய்யா வேணும் உங்க பலகை? நேத்து சிவமயத்தைப் பாதி அழிச்சவர்தானே நீரு?"

"அது மழைச்சாரல்ல அழிஞ்சது!"

"மழைக்குக்கூட மதம் புடிச்சுப் போச்சா?"

பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். வேலாயுதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருவர் நடுவிலும் புகுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு பேரும் கொஞ்சம் அடக்கி வாசிங்கய்யா. பிரின்சிபால் உள்ளதான் இருக்காரு."

"இருக்கட்டும்! அவரே வந்து கேக்கட்டும்!" என்று கத்திய உபதேசியார், கையிலிருந்த டஸ்டரை வீசி எறிந்தார்.

அது பண்டிதரைத் தாண்டி, வேலாயுதத்தைத் தாண்டி, வாசற்படியில் வந்து நின்ற பிரின்சிபாலின் கறுப்புக் கோட்டில் 'பொத்'தென்று விழுந்தது. நெஞ்சில் வெள்ளையாக ஒரு திட்டு.

பையன்கள் பெஞ்சிலிருந்து குதித்து இறங்கினார்கள். ஒரு வேலை போகிற இடத்தில் இப்போது இரண்டும் போய்விடும் என்றே வேலாயுதம் நினைத்தார்.

"வேலாயுதம், இஞ்ச வாரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிரின்சிபால் திரும்பி நடந்தார்.

ஆபீஸில் கோட்டைத் தட்டத் தட்ட அந்தத் திட்டு பெரிதாகிக்கொண்டே போனது.

"உது என்ன காணும், காலேஜோ சந்தையோ? ரெண்டு பேரையும் இண்டைக்கே கலைச்சுவிட்டால் என்ன?"

வேலாயுதம் ஓரடி முன்னால் வந்தார். "செய்யலாங்கய்யா. ஆனா சமய வகுப்பு இல்லைன்னா அப்பன்மாருங்க பிள்ளைகளை நிறுத்திடுவாங்க."

"அப்ப ஒருத்தரை வைப்பம். ஆரை வைக்கலாம், நீரே சொல்லும்."

"பண்டிதரை வச்சா வேதக்காரங்க கம்பு எடுத்துக்கிட்டு வருவாங்க. உபதேசியாரை வச்சா கோயில்ல கூட்டம் போடுவாங்க. இந்தப் பலகைக்கே இந்தப் பாடுன்னா, ஒருத்தர் பிள்ளைங்களை இன்னொருத்தர் கையில குடுத்தா என்ன ஆகும்? ஐயாவே பாத்தீங்களே."

பிரின்சிபால் கோட்டைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்குத் தலையிடி. ரெண்டு பேரும் இருக்கட்டும். செலவை வேற எங்கையாவது குறைப்பம். இனி இந்தக் கதையை என்னட்டக் கொண்டு வராதையும்."

சாயங்காலம் மணி அடித்ததும் வேலாயுதம் குடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ரயிலடிப் பக்கம் நடந்தார். பார்த்ததும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே போனார்.

ஸ்டேஷன் பின்பக்கத்து மரத்தடி பெஞ்சில் பண்டிதரும் உபதேசியாரும் நெருக்கி உட்கார்ந்து, ஒரே பொட்டலத்தில் கைவிட்டுக் கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

அவரைக் கண்டதும் இருவரும் பதறி எழுந்தார்கள். "என்னாச்சு கிராணியாரே?" என்றார் பண்டிதர்.

"ரெண்டு பேருக்கும் வேலை இருக்கு."

உபதேசியார் அப்படியே பண்டிதரைக் கட்டிக்கொண்டார்.

வேலாயுதத்துக்குக் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. "கட்டிப்புடிக்கிறதெல்லாம் இருக்கட்டும்யா. ஒரு நாளைக்கு ஒரு சண்டைன்னுதானே நான் சொல்லிக் குடுத்தேன், மூணு போட்டா எவன்யா நம்புவான்?"