மெல்லக் கற்பவள்

“இன்னைக்கும் அஞ்சுக்கு அஞ்சும் தப்பு” என்று தாளை மேசையில் போட்டார் கணக்கு வாத்தியார் நாகையா. “உங்க கோட்பாடெல்லாம் காலேஜ் கேட்டைத் தாண்டாதும்மா.”

மாரிசெல்வி எழிலின் தாளை எடுத்து ரெக்கார்டுக்குள் வைத்தாள். பி.எட். பயிற்சிக்காக சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தப் பள்ளிக்கு வந்து ஐந்து வாரமாகிறது. மெல்லக் கற்கும் பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கற்பித்து, அதன் முன்னேற்றத்தை ரெக்கார்டில் எழுத வேண்டும். காலாண்டுத் தேர்வில் கணக்கில் பூஜ்யம் வாங்கிய ஆறாம் வகுப்பு எழிலைத் தேர்ந்தெடுத்தாள். திங்கட்கிழமை ரெக்கார்டைக் கொடுத்தாக வேண்டும். எழிலுக்கு இன்னும் வகுத்தல் வரவில்லை.

முதலில் வலுவூட்டலை நம்பினாள். பரிசு கிடைக்கும் செயலைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்வார்கள் என்றது புத்தகம். மாலை ஸ்பெஷல் கிளாசில் இருந்த பத்தொன்பது பேருக்கும் தினமும் ஐந்து வகுத்தல் கணக்கு கொடுத்தாள். ஐந்தும் சரியாகப் போட்டவர்கள் அப்போதே வீட்டுக்குப் போகலாம். புத்தகம் பொய் சொல்லவில்லை. பதினெட்டுப் பேர் பத்தே நாளில் கற்றுக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எழில் மட்டும் மிஞ்சினாள்.

அடுத்து, கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல, பாதிக் கணக்கைத் தானே போட்டுக் கொடுத்து மீதியை விட்டுப் பார்த்தாள். மீதி தப்பாக வந்தது. செய்து கற்கட்டும் என்று காலித் தீப்பெட்டிகளைக் கொட்டி, பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரிக்கச் சொன்னாள். எழில் தெருக்கதையெல்லாம் பேசிக்கொண்டே பிரித்து அடுக்கினாள். தாளில் எழுதச் சொன்னால் மறுபடியும் தப்பு.

தினமும் ஆறரை வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாள்கூட அந்தப் பிள்ளை முகம் சுளித்ததில்லை. அதுதான் மாரிசெல்வியை வதைத்தது.

“அவ அம்மா சுப்புத்தாய் பட்டாசுக் கம்பெனில வேலை பாக்கா” என்றார் நாகையா, அன்று வீட்டுக்குக் கிளம்பச் சைக்கிளை எடுத்தபடி. “இதுவும் நாளைக்கு அந்தக் கம்பெனி வேன்லதான் ஏறப்போகுது. நீங்க மனசைப் போட்டு ஒளப்பிக்காதீக.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. கடைசித் தாளை எழிலிடம் நீட்டியபோது மாரிசெல்வியின் குரல் தளர்ந்திருந்தது.

“இனி ஒன்னைய இங்கன பிடிச்சு வைக்க மாட்டேன், எழிலு. தப்பாப் போட்டாலும் பரவால்ல, வீட்டுக்குக் கெளம்பிரு. சரியாப் போட்டா மட்டும் இரு. ஒன்னையப் பத்தி நாலு விசயம் கேட்டு ரெக்கார்டுல எழுதணும்.”

எழில் நிமிர்ந்து பார்த்தாள். “எம்புட்டு நேரம் டீச்சர்?”

“ஆறரை ஆகிரும்.”

எழில் குனிந்தாள். நான்கு நிமிடம்தான். ஐந்தும் சரி.

மாரிசெல்வி இரண்டு தடவை சரிபார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “இதை எப்பப் படிச்ச?”

“நீங்க சொல்லிக் குடுத்த மொத வாரமே படிச்சிட்டேன் டீச்சர்” என்றாள் எழில். “சரியாப் போட்டா வீட்டுக்கு அனுப்பிருவீகள்ல. அம்மா வேன் வர ஆறரை ஆகும், அதுவரைக்கும் வீட்டுல ஒத்தையில இருக்கப் பயமா இருக்கும்.”